பாயின் பெயர்

பறக்கக் கிளம்பும்போது நாயகன் கழற்றி எறியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ போ நண்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வதுதான் அந்தத் தொலைக்காட்சித் தொடரில் இருநூறு வாரங்களாக நூருல் அமீனின் வேலை. அமீன் நடிக்கும் அந்த முஸ்லிம் நண்பனுக்குக் கதையில் வீடு கிடையாது, தாய் தகப்பன் கிடையாது, எந்தச் சக்தியும் கிடையாது. இன்றைக்கு அவனைச் சாகடிக்கிறார்கள். நாயகனுக்குக் கோபம் வரவேண்டுமாம்.

சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அமீன் கண்ணை மூடிப் படுத்தான். நாயகன் அவனை மடியில் போட்டு, பெயர் சொல்லிக் கதறவேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார்.

"கதையில இவன் பேரு என்னங்க?"

உதவி இயக்குநர் தாள்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் 'பாய்' என்றுதான் இருந்தது. "அப்படியே கூப்பிடுங்க சார்."

"சிக்கந்தர்," என்றது பிணம், கண்ணைத் திறக்காமலே. முதல் வாரமே அமீன் தன் பாத்திரத்துக்கு வைத்த பெயர் அது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேமரா ஓடியது.

"சிக்கந்தர்!"

"ம், சொல்லு நண்பா."

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் பிணம் பதில் சொன்னது.

"பாய், நீங்க செத்துட்டீங்க!" என்று இயக்குநர் கத்தினார்.

"தெரியுது சார். பேர் சொல்லிக் கூப்பிடறாரே."