கிளம்பும் மெட்டு

"அந்தப் பாட்டை இங்க போட விடமாட்டேன்."

பாடகி சயோகோ குராசே ஒப்பந்தத் தாளை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

நகராட்சி சுற்றுலாப் பிரிவு அதிகாரி முகாய்க்குச் சுருக்கென்றது. என்ன, சொத்தை எழுதித் தரவா கேட்டார்? அவளே எழுதி, அவளே பாடிய 'கடைசிப் பெட்டி' பாட்டின் மெட்டை, அவள் பிறந்த ஊர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போதெல்லாம் ஒலிக்க விட வேண்டும். அவ்வளவுதான். வேறு ஊர்களில் இப்படி மெட்டு கேட்கவென்றே ரசிகர்கள் ரயிலேறி வருகிறார்கள். இந்த ஸ்டேஷனிலோ ஈ, காக்கா இறங்குவதில்லை. இழுத்து மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு ஓடுகிறது.

"நாடே பாடற பாட்டும்மா! 'போயிட்டு வரேன், போயிட்டு வரேன்'னு பொடிசுங்க வரைக்கும் முணுமுணுக்குது. ரயில் கிளம்பறதுக்கு இதைவிடப் பொருத்தமா என்ன இருக்கு?"

"வேற எந்தப் பாட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. புதுசாவே எழுதித் தர்றேன். காசு வேண்டாம்."

"புதுப் பாட்டைக் கேக்க எவன் வருவான்? சரி, காரணமாவது சொல்லுங்க."

"திமிருன்னு எழுதிக்கங்க."

"கோடைத் திருவிழா மேடையிலேர்ந்து உங்க பேரைத் தூக்கிடுவோம்!"

"தூக்குங்க."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போயேவிட்டாள்.

முகாய்க்கு ஆத்திரம் அடங்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு வந்து, நடைமேடையில் நின்றபடியே சாப்பிடும் நூடுல்ஸ் கடையில் முழங்கையை ஊன்றினார். மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மதியச் சாப்பாடு இங்கேதான்.

கடைக்கார ஹருயோ அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கை கிண்ணத்தில் இருந்தாலும் கண் ரயில் மேல் இருக்கும். ஏறுகிற ஒருத்தர் விடாமல், "போயிட்டு வாங்க!" என்று குரல் கொடுப்பாள்.

"ஏம்மா, உங்க ஊர்ப் பொண்ணுக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாதும்மா!" என்று முகாய் கொட்டித் தீர்த்தார். "இத்தனை வருஷத்துல இந்த ஊர் மேடையில அந்தப் பாட்டை ஒரு தடவைகூடப் பாடினதில்லையாமே! வளர்த்துவிட்ட ஊரை மறந்தவ!"

"சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதக்காரி அவ" என்றாள் ஹருயோ, அவர் கிண்ணத்தில் கேட்காமலே இன்னொரு இறால் பஜ்ஜியைப் போட்டபடி.

அப்போது முகாயின் போன் அடித்தது. நகராட்சி ஊழியர் எல்லோரும் 'கடைசிப் பெட்டி' மெட்டைத்தான் ரிங்டோனாக வைத்திருக்க வேண்டும் என்பது மேயரின் நேற்றைய உத்தரவு. மெட்டு நடைமேடை முழுக்கக் கேட்டது.

ஹருயோவின் கரண்டி கொதிக்கிற சட்டிக்குள் நழுவி விழுந்தது. வெறுங்கையை நீட்டி எடுக்கப் போனவளை முகாய் பதறித் தடுத்தார்.

"ஐயோ, கை வெந்துடும்! என்னம்மா ஆச்சு?"

"அதை அணைச்சுடுங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்."

சத்தத்தை அணைத்தார்.

ஹருயோ அடுப்பைத் தணித்துவிட்டு, காலித் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஊரெல்லாம் அதைக் காதல் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. அது என் பொண்ணு கோயோமி, சார். சயோகோவோட உயிர் சிநேகிதி. பள்ளிக்கூடத்துல பனிச்சறுக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இதோ, இங்கேர்ந்துதான் 'போயிட்டு வரேன்மா'ன்னு கடைசிப் பெட்டியில ஏறினா. எனக்குக் கடையில கூட்டம். திரும்பிப் பாத்து 'போயிட்டு வா'ன்னு சொல்லல. அன்னைக்குத்தான் பனிச்சரிவு."

முகாய் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பாட்டை வெளியிடறதுக்கு முன்னாடி சயோகோ வந்து என் முன்னால மண்டி போட்டா. 'நீங்க வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுடறேன்'னா. நான்தான் சொன்னேன், நாடெல்லாம் பாடட்டும், என் பொண்ணு ஊர் ஊரா போகட்டும். இந்த ஊர்ல மட்டும் வேண்டாம்டின்னு. இங்க போட்டா ஒவ்வொரு ரயிலுக்கும் அவ ஒரு தடவை கிளம்பிப் போவாளே சார். எந்த ரயில்லயும் திரும்பி வரமாட்டாளே."

"இதை அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? நாளைக்கே கேமராவைத் தூக்கிக்கிட்டு என் கடை வாசல்ல வந்து நிப்பாங்க. அதுக்கு நானே திமிர் பிடிச்சவளா இருந்துட்டுப் போறேன்னு இருக்கா, பாவி."

போன் மறுபடி அதிர்ந்தது. சத்தமில்லை. மேயர்தான்.

"என்னய்யா, அந்தத் திமிர் பிடிச்சவ கையெழுத்துப் போட்டாளா, இல்லையா?"

முகாய் நிமிர்ந்து நின்றார்.

"போடலீங்க. புதுசா எழுதித் தர்றேன்னு சொன்னாங்க, அதை வாங்கிக்கலாம். இந்தப் பாட்டை இங்க போட நான் விடமாட்டேன்."

"நீயா! ஏன்யா, காரணம்?"

"திமிருன்னு எழுதிக்கங்க."