அவள் சொல்லாத நிபந்தனை

புயலுக்குப் பிறகு கரையோர மருத்துவமனைகள் அனுப்பிய, கடலிலிருந்து மீட்கப்பட்டவர்களின் பெயர்களையெல்லாம் ரெக்ஸ்லின் ஒரே அட்டவணையில் கொட்டியிருந்தான். கொட்டியதுமே மென்பொருள் தன்பாட்டுக்கு அதற்கு ஏ.பி.ஐ. என்ற தேடல் வாசலை உருவாக்கிவிட்டது. எந்தக் கட்டத்தை வைத்துக் கேட்டாலும் தேடித் தரும். கேட்டதை மட்டும்தான் தரும். எதிரே பெஞ்சின் நுனியில் சகாயமேரி உட்கார்ந்திருந்தாள். படகோடு போன கணவனைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல அவன் நிபந்தனைகளைச் சேர்த்தான்: பெயர் சிலுவைதாசன், வயது நாற்பத்தொன்று, ஊர், இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட சாரம். பூஜ்யம் என்றது திரை.

"சாரத்த எடுத்திரு தம்பி. தண்ணியில அவுந்து போயிருக்கும்."

எடுத்தான். பூஜ்யம்.

"வயச எடு. மயக்கத்துல மாத்திச் சொல்லியிருப்பாரு."

பிறகு ஊரையும் எடுக்கச் சொன்னாள். அவள் சொன்னவற்றில் பெயர் மட்டும் மிஞ்சியது. அப்போதும் பூஜ்யம். ரெக்ஸ்லின் திரையைச் சற்றே தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நிலை: உயிருடன்.

"இத நான் சொல்லலியே."

"நான்தாங்க்கா போட்டேன். மொதல்லயே."

அவள் அந்த வரியை மறுபடி தொட்டாள்.

"அதையும் எடு."

அழித்தான். தேடு பொத்தானுக்குப் போன அவன் விரல் அதன்மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த விரலின் மேல் அவள் தன் விரலை வைத்து அழுத்தினாள்.