பின் தெருவுக்கு ஒரு ஆறுதல்

"உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லக்கா, அந்த மெஷினால ஒரு பிரயோஜனமும் கிடையாது"ன்னு நான் சொன்னதும் பின் தெருவே சிரிச்சிருச்சு.

எனக்குப் புரியல. ஆறுதல் சொல்லத்தான் போயிருந்தேன்.

தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின் வெச்சா குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு குறையுமான்னு பாக்குறதுதான் எங்க ஆராய்ச்சி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தெரு. சீட்டு குலுக்கிப் போட்டோம். முன் தெருவுக்கு மெஷின் விழுந்துச்சு, பின் தெருவுக்கு ஒண்ணுமில்ல. வருஷக் கடைசியில ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்.

சீட்டை எடுத்தது என் கைதான். முன் தெருத் தண்ணி முன் தெருவுக்கு மட்டும்தான், மீறினா மெஷின் போயிரும்னு மைக்கைப் பிடிச்சு மிரட்டினதும் நான்தான்.

அதனாலயே பின் தெருவுக்குள்ள நுழையும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஆனா ஒருத்தர்கூட மூஞ்சியைத் திருப்பினதில்ல. எந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னு கேப்பேன், டீச்சருன்னு கூப்பிட்டு உக்காரவெச்சு பதில் சொல்வாங்க. வாடகை ரூம்ல சுவத்தோட பேசிட்டு இருந்த எனக்கு அந்தக் கேள்வி பதிலே பெரிய அரட்டை.

கணக்கு இப்போ முடிஞ்சாச்சு. ரெண்டு தெருவுலயும் வயித்துப்போக்கு பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு. ஒரே அளவு. மெஷின் இல்லாத தெருவுலயும் அதே அளவு குறைஞ்சிருக்குன்னா, மெஷினால குறையலன்னுதானே அர்த்தம்? மழை நல்லா பேஞ்சிருக்கும், வேற ஏதாவது இருக்கும். எனக்கு இதுல துளி சந்தேகம் கிடையாது.

சாயங்காலம் எங்க புரொபசருக்கு அறிக்கை போயிரும். மெஷினைக் கழட்ட வண்டி வரும். இந்த மாதிரி மெஷின் மத்த ஊருங்களுக்கும் கிடைக்காது.

வண்டி விஷயத்தை மட்டும் நான் இன்னும் சொல்லல.

சிரிப்புல பெரிய சிரிப்பு ஸ்பீக்கர் அக்காவோடது. அவங்க வீட்டுக்குள்ள பேசினா தெருக்கோடிக்குக் கேக்கும், அதான் அந்தப் பேரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டே உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்தாங்க.

"ஆராய்ச்சிதான் முடிஞ்சுபோச்சே, இனிமே என்ன ஒளிவுமறைவு. பயப்படாம குடி டீச்சரு, முன் தெரு மெஷின் தண்ணிதான். என் நாத்தனாரை அங்கதானே கட்டிக் குடுத்திருக்கோம்! சண்டைன்னு வந்தா முடியைப் பிடிச்சு உலுக்குவா. அதுக்காக எங்க பிள்ளைங்க வாந்தி எடுக்கட்டும்னு விட்ருவாளா?"

அவ மட்டும் இல்லயாம். முன் தெருவுல வீட்டுக்கு வீடு ஆள் பிரிச்சு, ஒரு நாள் தவறாம குடம் அனுப்பியிருக்காங்க. நான் வர்ற அன்னிக்கு மட்டும் குடமெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிருமாம்.

நின்னபடியே முழு டம்ளரையும் குடிச்சேன். பையிலிருந்து அறிக்கையை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன்.

ஸ்பீக்கர் அக்கா என் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சாங்க. அந்தக் குரல் இவ்வளவு தணிஞ்சு நான் கேட்டதே இல்ல.

"எழுதிராதம்மா. எழுதினா பிடுங்கிட்டுப் போயிருவாங்க."

எழுதலன்னாதான் வண்டி வரும். பேனாவை இடது கைக்கு மாத்திக்கிட்டேன்.