சியாமளா பெயரில் பத்து வரி

“சியாமளா லாகின் பண்ணாலே சர்வர் படுத்துக்குது, க்யா கரே, என்ன பண்றது?”

புனே ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் ஆபீஸ் கேப் நின்றிருந்தபோது, முன் சீட்டில் எங்கள் டீம் அருண்ராஜ் யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. சர்வரில் எந்த வேலை ஓடுகிறது, யார் பெயரில் ஓடுகிறது, எவ்வளவு மெமரி தின்கிறது என்று காட்டும். ஒரு மாதமாக மேலே உள்ள பத்து வரியும் சியாமளா அக்கா பெயரில்தான். பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

“குழந்தையோட சேர்த்து சர்வரையும் தூங்க வைக்கிறாங்க” என்பார் அருண்ராஜ். பக்கத்து சீட் ஷ்ரேயஸ் சிரிப்பான்.

மேனேஜர் ஜெபமணி சார் என்னைக் கூப்பிட்டார்.

“வைஷு, திரையில பாதிப் பெயர் வெட்டுப்பட்டு நிக்குது. நெடுவரிசை எல்லாத்தையும் அகலப்படுத்து. பதினோரு மணி மீட்டிங்ல சியாமளாவை டீமை விட்டு அனுப்பப் போறேன். காரணம் முழுசா தெரியணும்.”

தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும்.

அந்தத் திரைக்கு முன்னாலேயே மீட்டிங். சார் கையில் மாற்றல் கடிதம்.

“சியாமளா, சியாமளா, சியாமளா. என்னம்மா இது?”

“இன்னிக்கு நான் எதையுமே ஓட்டலை சார். லீவுல போறப்ப வேலை நிக்கக்கூடாதுன்னு என் பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்தேன்...”

“அதைப் போய் யாரு இன்னும் வெச்சிருப்பா?” அருண்ராஜ் சிரித்தார்.

“சார்...” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். “கடைசி நெடுவரிசை ஒண்ணு கோடு மாதிரி நசுங்கிக் கிடக்கு. அதையும் இழுத்துவிடட்டுமா?”

“இழு, இழு. எல்லாம் தெரியட்டும்.”

மவுஸால் இழுத்தேன். ‘எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து’ என்று தலைப்பு வந்தது. சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. உரக்கப் படித்தார்.

“அருண்ராஜ் லேப்டாப். அருண்ராஜ் லேப்டாப். ஷ்ரேயஸ் லேப்டாப். அரே, திரும்பவும் அருண்ராஜ் லேப்டாப். அடுத்தவங்க பெயர்ல வேலை ஓட்ட வெட்கமா இல்லை?”

அருண்ராஜ் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அஞ்சாவது...” சார் நிறுத்திவிட்டார்.

ஐந்தாவதை நாங்கள்தான் மனசுக்குள் படித்துக்கொண்டோம். ஜெபமணி லேப்டாப். ஆறாவதும் அதுவே.

சார் என்னிடமிருந்து மவுஸை வாங்கினார். அந்த நெடுவரிசையைப் பழையபடி கோடாகும்வரை சுருக்கினார். பிறகு, கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.