எத்தனை அடிக்குத் தெரியும்?

"இன்னும் பின்னால போங்கம்மா" என்றார் காருக்குள் இருந்தவர்.

சைக்கிள் கடைக்காரி இடுப்பில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு, இருட்டுச் சந்துக்குள் பின்பக்கமாகவே நடந்தாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. காருக்குள் இருந்த முகம் ஞாபகம் வந்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால், கடையைச் சாத்துகிற சமயத்தில் வந்து நின்றவர் அவர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். "இடுப்புல கட்டற சைக்கிள் பூட்டு இருக்கா? ஆரஞ்சு கலர்" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. தெருவே அவளைப் 'பங்சர் அக்கா' என்றுதான் கூப்பிடும். டயர், டியூப் தவிர அவள் ஆசைப்பட்டு வரவழைத்த ஒரே சரக்கு அந்தப் பூட்டுதான். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு.

"உள்ள இரும்புச் சங்கிலி, மேல துணி உறை. ஓட்டறப்ப பெல்ட் மாதிரி இடுப்புல மாட்டிக்கணும். இந்தப் பட்டை இருக்கு பாருங்க, வண்டி வெளிச்சம் பட்டா பளிச்சுன்னு அடிக்கும். இறங்கினதும் கழட்டி சக்கரத்துல பூட்டிடலாம்."

"எத்தனை அடிக்குத் தெரியும்?"

"இருநூறு அடின்னு அட்டையில போட்டிருக்கு."

"அட்டையில இருக்கட்டும். நிஜமா தெரியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "யாருக்கு சார் இது?"

"ஒரு பொண்ணு. பத்தொன்பது வயசு. போன வாரம் சைக்கிள்ல போறப்ப பின்னாலேர்ந்து கார் இடிச்சிடுச்சு. இதேதான் கட்டியிருந்தா." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஐ.சி.யூ.ல இருக்கா. இன்னும் கண்ணு முழிக்கல."

அழுது ஓய்ந்து மரத்துப்போன மனுஷன், பாவம். "இடிச்சவன் என்ன சொல்றான்?" என்றாள்.

"ஒரே இருட்டு, எதுவும் தெரியலைன்னு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கான். நாளைக்குக் காலையில மறுபடி விசாரணை. அதுக்குள்ள அது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரியலையாமா! வாய் கூசாம சொல்லியிருக்கான் பாருங்க." கொக்கியில் தொங்கிய பூட்டை அவளே எடுத்தாள். அவள் நம்பி விற்கிற பொருளின் மானமும் அல்லவா இதில் இருக்கிறது. "வாங்க, பார்த்துடலாம். கடைக்குப் பின்னால சந்துல ஒரு விளக்குகூட எரியாது."

அவர் காரைச் சந்து முனைக்குக் கொண்டுவந்தார். பழைய கார். ஒரு பக்கத்து முன்விளக்கு மஞ்சள் பூத்துக் கிடந்தது, மறுபக்கம் புத்தம்புதுக் கண்ணாடி. ஆஸ்பத்திரி அலைச்சலில் இன்னொன்றை மாற்ற நேரம் ஏது என்று நினைத்துக்கொண்டே அவள் பூட்டை இடுப்பில் மாட்டினாள்.

ஐம்பது அடியில் நின்றாள். "தெரியுதா சார்?"

"தெரியுது."

நூறு அடியிலும் அதே பதில்தான். விளக்கைத் தாழ்த்திப் போட்டுப் பார்த்தார். திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தார். தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் பின்னால போங்கம்மா. தெரியாத இடம் வரைக்கும் போங்க."

போனாள், இருநூறு அடியில் சந்தே முடிந்துவிட்டது. கோடவுன் சுவர் முதுகில் இடித்தது. அங்கிருந்து இரண்டு தடவை கத்திக் கேட்டும் பதில் வராததால் விறுவிறுவென்று திரும்பி வந்தாள். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவள் நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், தெரிஞ்சுதா இல்லையா?"

"சுவர் தெரியல. உங்க முகம் தெரியல. இது மட்டும் தெரிஞ்சுது."

"நான் சொன்னேன்ல!" காரின் கூரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சந்தோஷப்படுகிற நேரமில்லை என்று புரிந்தும் அவளால் அடக்க முடியவில்லை. "அவன் சொன்னது முழுப் பொய்! விடாதீங்க சார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன். இதையே கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது."

அவர் கை கார் சாவிக்குப் போனது.

"இருநூறு அடிக்கு இப்படிப் பளிச்சுன்னு அடிக்குது. அப்புறம் அந்தப் பாவி எங்கதான் பார்த்துக்கிட்டு வந்தானாம்?"

அவர் இன்ஜினை நிறுத்தினார். விளக்கையும் அணைத்தார். சந்து முழுக்க இருட்டாகிவிட்டது.

"நான் போனைப் பார்த்துக்கிட்டு வந்தேன்மா."