நெஞ்சுக்கறி

சென்னியப்பன் சப்பாத்திக் கட்டையை ஓங்கி இறக்கினான்.

கோழியின் நெஞ்சுக்கறி பலகையில் அகன்று படுத்தது. இன்னும் ஒரு அடி. இன்னும் ஒன்று.

இந்தக் கறிக்கு இவ்வளவு அடி தேவையில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஏழு மணிக்குக் கோகிலவாணி வருவாள்.

விவாகரத்து ஆகி இரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவளை அவன் பார்த்ததில்லை. அவளுடைய தையல் மிஷின் இன்னும் இந்த வீட்டில்தான் கிடந்தது. வந்து எடுத்துக்கொள், அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவன்தான் செய்தி அனுப்பினான்.

பாலக்கீரையைப் பூண்டோடு வதக்கி வைத்திருந்தான். அதில் பனீரை உதிர்த்தான். மிளகைத் தட்டிப் போட்டான். சீஸைத் துருவினான். எல்லாவற்றையும் கறியின் நடுவில் வைத்துச் சுருட்டிப் பல்குச்சியால் குத்தி மூடினான்.

ஒவ்வொரு குச்சியையும் அழுத்திக் குத்தினான்.

சோறு கிடையாது. சப்பாத்தி கிடையாது. கிழங்கு கிடையாது. பதினெட்டு மாதமாக இந்த வீட்டுக்குள் அரிசி வரவில்லை. நூற்றிருபத்தாறு கிலோ இருந்த சென்னியப்பன் எழுபத்தொன்றுக்கு வந்திருந்தான். போன வாரம் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, கொழுப்பு, எல்லாம் சரி. டாக்டர் எழுந்து கைகுலுக்கினார்.

எப்படி முடிந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். எதற்காக என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் சேர்ந்திருந்த காலத்தில் பவானியில் ஒரு கல்யாணம். கோகிலவாணியின் சித்தப்பா மகளுக்கு. பந்தியில் அவன் உட்கார்ந்ததும், இலை போடுகிறவரை அவள் கூப்பிட்டாள்.

“அண்ணா, இவருக்கு ரெண்டு எலையாப் போட்டுருங்க. ஒண்ணு பத்தாது.”

அவர் நிஜமாகவே போட்டுவிட்டார்.

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். இரண்டு இலையிலும் சாப்பிட்டான்.

அவர்கள் பிரிந்தது வேறு காரணங்களுக்காக. அவை அவனுக்கு மறந்துகொண்டு வந்தன. இது மறக்கவில்லை.

அவனுக்கு அவள் முகம் வேண்டும். வாசலில் நின்று தன்னைப் பார்த்ததும் அது வெளிற வேண்டும். விட்டுவிட்டோமே என்று ஒரு நொடி தவிக்க வேண்டும். அப்புறம் அவளை எதிரே உட்கார வைத்து, ஒரே ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்க வேண்டும். மிஷினை மூன்றாவது மாடியிலிருந்து அவனே தூக்கிக்கொண்டு இறங்குவான். மூச்சு வாங்காமல்.

வாணலியில் வெண்ணெய் உருகியது. கறி சுரீரென்றது. திருப்பிப் போட்டு மூடி வைத்தான்.

வெந்து இறக்கவும், அழைப்பு மணி அடித்தது.

பழக்கத்தில் வயிற்றை உள்ளிழுக்கப் போனான். இழுக்க ஒன்றுமில்லை. கதவைத் திறந்தான்.

கோகிலவாணியின் முகம் வெளிறித்தான் போனது.

அவன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக.

அவள் கைப்பை தோளிலிருந்து நழுவியது. அவன் கன்னத்தைப் பார்த்தாள். கழுத்தெலும்பைப் பார்த்தாள். எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்னங்க இது? ஒடம்புக்கு என்னங்க ஆச்சு?”

அவன் பதில்களைத் தயாராக வைத்திருந்தான். எதுவும் இந்தக் கேள்விக்கானது இல்லை.

“யாருகிட்டக் காட்டறீங்க? டாக்டரு என்ன சொல்றாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?”

அவள் மணிக்கட்டை விடவில்லை.

டயட் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சிரித்துவிடுவாள். பாராட்டக்கூடச் செய்வாள். மிஷினை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவாள்.

நிம்மதியாக.

அவன் தலை குனிந்துகொண்டான்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கறி பிரமாதமாக வந்திருந்தது. வெட்டிய இடத்தில் சீஸ் கீரையோடு வழிந்தது. அவள் தன் தட்டைத் தொடவே இல்லை.

அவன் ஒரு துண்டு தின்றான். தட்டைத் தள்ளிவைத்தான்.

“பசியே எடுக்கறதில்ல.”

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு காந்தியது.

அவள் எழுந்து வந்தாள். கறியைப் பிய்த்து அவன் வாயருகே நீட்டினாள்.

“ஒரு வாய்ங்க. எனக்காக.”

முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண் நிறைந்தது. தளும்பியது. தாடைவரை இறங்கியது. ஒரு சொட்டையும் அவன் தவறவிடவில்லை.

அவள் சமையலறைக்குப் போனாள். டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது.

“ஒரு மணி அரிசி இல்லீங்களே வீட்டுல. என்னத்தச் சாப்புட்டுத்தான் கெடந்தீங்க? இருங்க, கொழைய ஒரு கை சோறு ஆக்கி ரசம் வெச்சுத் தர்றேன். அது உள்ள எறங்கும். அரிசி வாங்கிட்டு வந்தர்றேன்.”

படியில் செருப்பு தடதடவென்று இறங்கியது.

அவன் பால்கனிக்கு வந்தான். கீழே அவள் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி. பைக்காரன் ஒருவன் பிரேக் போட்டுத் திட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மளிகைக் கடை வெளிச்சமாக இருந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

வாயைத் திறந்தான்.

அவள் கடைப் படியில் ஏறி ஏதோ கேட்டாள். கடைக்காரர் சாக்குக்குள் கையை விட்டார்.

வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போனான். பரணிலிருந்து ஒரு மூட்டையை இழுத்துப் பிரித்தான். பழைய சட்டைகள். இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்து, போட்டிருந்த டீ-ஷர்ட்டின் மேலேயே மாட்டிக்கொண்டான். தோள் தையல் முழங்கைக்கு வந்தது. கழுத்துப் பொத்தானையும் போட்டான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை போகுமளவு இடமிருந்தது.

குளிர்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். படியில் செருப்புச் சத்தம் ஏறிவர, தலையை மெல்லச் சுவரில் சாய்த்துக்கொண்டான்.