லேசர் போட்ட கால்

குளிர்ந்த பசை முழங்காலுக்குப் பின்னால் பட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அசையாமல் நிற்கச் சொன்னார் டாக்டரம்மா. நரம்புச் சுருட்டலுக்கு ஸ்கேன் எடுப்பதென்றால் நிற்க வைத்துத்தான் எடுப்பார்களாம். நின்று நின்று வந்த வியாதி. அதைப் பார்ப்பதற்கும் நிற்க வேண்டும். நல்ல கூத்து.

விடிவதற்குள் மாவாட்டிய அலுப்பு. பஸ்ஸில் இடம் கிடைக்காத அலுப்பு. இங்கே வந்து காத்துக் கிடந்த அலுப்பு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

கத்தி வைக்காமல் லேசர் போட்டு ஐந்து வருடமாகிறது. அதற்கு முன் கணுக்காலில் புண் ஆறாமல் கிடந்தது. தோசைக்கடையை மூடிவிடலாமா என்றுகூட வீட்டில் பேசினார்கள். மூடினால் சோற்றுக்கு என்ன வழி என்று யோசித்து, பேச்சை அப்படியே விட்டார்கள்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார். லேசர் போட்டு அடைத்த நரம்பு அடைத்தபடியே இருக்கிறதாம். புதிதாக எதுவும் கிளம்பவில்லையாம். இத்தனை நாள் கழித்துச் சிலருக்குத் திரும்ப வந்துவிடும், உங்களுக்கு வரவில்லையே, கடையில் நீங்கள் நிற்பதில்லையா என்று கேட்டார்.

அவள் கதவோரம் நின்ற பால்ச்சாமியைக் காட்டினாள். வீட்டுக்காரர்.

லேசர் போட்டு வந்ததும் அவளைக் கல்லாவில் உட்கார வைத்தது அவர்தான். தோசைக்கல்லுக்கு அவர் போனார். அதுவரை சுடுதண்ணிகூட வைத்தறியாத மனுஷன். ஆரம்பத்தில் சுட்டதெல்லாம் கந்தல் கந்தலாக வந்தது. இப்போது சாயங்காலம் கல் காய்ந்தால், கடைசி ஆள் கை கழுவும்வரை அங்கேயே நிற்பார். வீட்டுக்கு வந்து அவள் காலுக்கடியில் தலையணை வைப்பதும் அவர்தான்.

சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

டாக்டரம்மா திரும்பி அவருடைய பாதங்களைப் பார்த்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்.

எனக்கென்ன, அவளைப் பாருங்கள் என்று சிரித்து மழுப்பப் பார்த்தார் பால்ச்சாமி. டாக்டரம்மா விடவில்லை.

தூக்கினார்.

இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு புடைத்து நெளிந்து கிடந்தது. கணுக்கால் கறுத்திருந்தது. ஓரிடத்தில் தோல் வெடித்துக் கசிந்தது.

எந்நேரமும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிய மனுஷன். கொஞ்ச காலமாகக் கணுக்கால்வரை இறக்கிவிட்டே நடக்கிறார். வயசானதும் மாமனுக்கு மரியாதை வந்துவிட்டது என்று கல்லாவில் உட்கார்ந்தபடி அவள்தான் கேலி செய்தாள். சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பாவி மனுஷா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா.



இவருக்கும் லேசர் போட்டுவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் இனிமேல் இப்படி மணிக்கணக்கில் நிற்கவே கூடாது.

பால்ச்சாமி வேட்டியை இறக்கிவிட்டார்.

“அப்ப கல்லுல யாரு நிக்கிறது?”

டாக்டரம்மாவிடம்தான் கேட்டார்.

அவள் கால் பசையைத் துடைத்தாள். புடவையை இறக்கிச் சரி செய்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“இன்னைக்கு நீங்க கல்லாவுல உக்காருங்க. எனக்குத்தான் நல்லாருக்கே.”